கலைச்சொல் வேண்டும்: எதிலும் இன்பம் தோன்றாத நிலைக்கு

[செந்தூல், திங்கள் இரவு]

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டிய கையேடு ஒரே ஒரு சொல்லுக்காக நிற்கிறது. செந்தூலில் தனியாக இருக்கும் முதியவர்களை நாங்கள் சிலர் சனிக்கிழமைகளில் போய்ப் பார்த்து வருகிறோம். மனச்சோர்வின் அடையாளங்களைத் தொண்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கையேடு இது. மருத்துவர்கள் 'அன்ஹெடோனியா' என்பதற்குத் தமிழில் என்ன போடுவது? இப்போதைக்கு 'இன்பமின்மை' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

ஓரத்தில் கிடக்கும் சொல் இல்லை இது. மனச்சோர்வு என்று முடிவுகட்ட, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இரண்டு வாரம் தொடர்ந்து இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று, மனம் துயரத்தில் கிடப்பதாகவோ ஆர்வமும் இன்பமும் போய்விட்டதாகவோ கட்டாயம் இருக்க வேண்டும். அதாவது, ஒரு சொட்டுக் கண்ணீர் வராமலேயே ஒருவருக்கு இந்த நோய் இருக்கலாம்.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவர். "முன்னே மாதிரி எதிலயாவது இன்பம் இருக்கா பாட்டி?" என்று கேட்டேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "இந்த வயசுல என்னப்பா கேக்குற?" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அப்புறம் வேறு விதமாகப் பேச்சுக் கொடுத்தேன். காலையில் மின்னல் எஃப்எம் போடாமல் அவருக்குப் பொழுது விடியாதாம். இப்போது வானொலி மூலையில் இருக்கிறது, மேலே ஒரு துண்டு மடித்துப் போட்டிருக்கிறது. "கேட்டாலும் ஒண்ணுதான், கேக்காட்டியும் ஒண்ணுதான்." கையில் கொடுத்த மைலோ ஆறி ஆடை கட்டியது. அவர் அதை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, குடிக்கவும் இல்லை.

மகன் வாசல்வரை வந்து என்னிடம் சொன்னார்: "அம்மாவுக்குப் பக்குவம் வந்திருச்சு. எதுலயும் பற்று இல்ல." பெருமையாகத்தான் சொன்னார். அந்தப் பெருமைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

[பினாங்கு, செவ்வாய் காலை]

தம்பிக்கு,

பாட்டி வாயைப் பொத்தியது 'இன்பம்' என்ற சொல்லின் குற்றமில்லை. சினிமாப் பாட்டுக்கும் 'சிற்றின்ப'த்துக்கும் அதைத் தூக்கிக் கொடுத்தவர்கள் நாம். தொல்காப்பியர் களவியலைத் தொடங்கும்போதே 'இன்பமும் பொருளும் அறனும்' என்று இன்பத்தை முதலில் வைக்கிறார். பொருளியலில் இன்னும் தெளிவு:

எல்லா உயிர்க்கும் இன்பம் என்பது
தானமர்ந்து வரூஉம் மேவற் றாகும்.

மனிதருக்கு என்று சொல்லவில்லை. எல்லா உயிர்க்கும் என்கிறார். மேவல் என்றால் விரும்பிப் பொருந்துதல். உயிர் எதில் போய்த் தானே அமர்கிறதோ அது இன்பம். மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடங்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கைச் சொல்கிறார். புணர்வு அந்த நான்கில் ஒன்றுதான். பாட்டியின் வானொலி புலனில் அடங்கும்.

என் முன்மொழிவு 'மேவாமை'. உயிர் எதிலும் போய் அமராத நிலை. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. மேவு என்பதை 'மே' என்ற அடியிலிருந்து தொடங்கி மேய்தல், மேனி வரை கொண்டுபோகலாம். ஆடு மேய்வதும் ஓரிடத்தில் விரும்பிப் பரவுவதுதான். மேனியும் உயிர் மேவிய இடம் என்றே நான் கொள்கிறேன். இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

[பெட்டாலிங் ஜெயா, செவ்வாய் மதியம்]

ஐயா, வேர் தேடுவதானால் இன்னொன்று. அன்ஹெடோனியா என்ற சொல்லை 1896-இல் உருவாக்கியவர் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ. அதிலுள்ள 'ஹெடோனே' கிரேக்கத்தில் இன்பம். கிரேக்க ஹெடோனே, சம்ஸ்கிருத ஸ்வாது, ஆங்கிலத்தின் ஸ்வீட் மூன்றும் ஒரே வேரில் பிறந்தவை, அடிப்பொருள் இனிப்பு. நம் இன்பமும் 'இன்' என்ற இனிமையிலிருந்து வந்ததே. தொடர்பே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் இன்பத்துக்குப் பெயர் வைக்கும்போது நாக்கைத்தான் கேட்டிருக்கின்றன! அதனால் 'இன்' அடியை விட்டுவிடக் கூடாது. 'இன்னாமை' எப்படி?

[பினாங்கு, செவ்வாய் மாலை]

> 'இன்னாமை' எப்படி?

கூடாது. 'இன்னாமை இன்பம் எனக்கொளின்' என்பது குறள் 630. அங்கே இன்னாமை என்றால் துன்பம். இன் என்பதை மறுத்தால் தமிழில் வெறும் இல்லாமை வருவதில்லை, வலி வந்துவிடுகிறது. பாட்டிக்கு வலி இல்லை என்பதுதானே தம்பி சொல்வது?

[கிள்ளான், செவ்வாய் இரவு]

எல்லாருக்கும் வணக்கம். இருபத்திரண்டு வருடம் தாதியாக வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மேவாமையை வார்டில் போய்ச் சொன்னால் ஆட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்றுதான் நினைப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா.

நம் ஜனங்களிடம் சொல் இருக்கிறது. "எதுலயும் பிடிப்பே இல்ல", "மனசு ஒட்டல", "சப்புன்னு இருக்கு". 'பிடிப்பின்மை' என்று வைத்தால் யாருக்கும் விளக்கவே தேவையில்லை.

ஆனால் இதில் இரண்டு சங்கதி உண்டு, கையேட்டில் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒன்று, வேண்டும் என்று தோன்றுவது. மற்றது, கிடைத்தபோது நன்றாக இருப்பது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் எலிகளை வைத்து இதைக் காட்டினார். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை ஏறக்குறைய முழுவதும் அழித்துவிட்டால் எலி உணவைத் தேடிப் போகாது, பக்கத்தில் இருந்தாலும் தின்னாது. ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் பழையபடியே நக்கிச் சுவைக்கும். விருப்பம் செத்த பிறகும் ருசி இருக்கிறது. நான் பார்த்த ஒரு தாத்தாவுக்குத் தோசை வேண்டும் என்று ஒருநாளும் தோன்றாது. பிட்டு வாயில் வைத்தால் கண் விரியும். இன்னொருவர் தானே கேட்டு வாங்குவார், இரண்டு வாய்க்கு மேல் போகாது. பாட்டி எந்த வகை என்று முதலில் பாருங்கள் தம்பி.

[பெட்டாலிங் ஜெயா, புதன் காலை]

அக்கா, அப்படியானால் பிடிப்பின்மை பாதியைத்தான் சொல்கிறது. பிடிப்பு விருப்பத்தின் பக்கம் நிற்கும் சொல். ருசியின் பக்கம் 'துய்ப்பின்மை' வேண்டும்.

பழைய கிரேக்கத் தத்துவ அறிஞர் எபிகூரஸ் நினைவுக்கு வருகிறார். துன்பம் முழுவதும் நீங்குவதே இன்பத்தின் உச்ச எல்லை என்றவர். உடலில் வலி இல்லை, மனத்தில் கலக்கம் இல்லை என்றால் அதற்குமேல் இன்பம் ஏறாதாம். அந்தக் கணக்குப்படி பாட்டி இன்பத்தின் உச்சியில் இருக்க வேண்டும். இங்கே ஏதோ உதைக்கிறது. ஆனால் அதே எபிகூரஸ் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு சின்னப் பானை பாலாடைக்கட்டி அனுப்பு, நினைத்தபோது விருந்து கொண்டாடுவேன் என்கிறார். ரொட்டியும் தண்ணீரும் போதும் என்று வாழ்ந்தவர், அந்தப் பாலாடைக்கட்டிக்கு ஏங்கத் தெரிந்தவர். அடக்கம் வேறு, வற்றிப்போவது வேறு என்பதற்கு அந்த ஒரு பானை போதும்.

[ஈப்போ, புதன் மதியம்]

நான் அதிகம் எழுதுவதில்லை. 'சுகமின்மை' ஏன் கூடாது? சுகம் எல்லாருக்கும் தெரிந்த சொல். மலாய்க்காரரும் அதே சொல்லை வாங்கித்தான் பிடித்ததற்கெல்லாம் 'சுக்கா' என்கிறார்கள். இன்பதுன்பம் என்பதை 'சுக்கா டுக்கா' என்கிறார்கள்.

[பினாங்கு, புதன் மதியம்]

வடசொல் என்பதால் மட்டும் நான் மறுக்கவில்லை, அதுவும் ஒரு காரணம் என்றாலும். சுகமில்லை என்றால் நம் வீடுகளில் காய்ச்சல் என்று பொருள்.

பிடிப்பின்மை கையேட்டுக்குள் இருக்கட்டும், தலைப்புக்கு ஆகாது. மேவாமையை வற்புறுத்தவில்லை. அதற்குப் பதில் 'இன்புறாமை' என்பேன். 'தாமின் புறுவது உலகின் புறக்கண்டு' என்று குறளிலேயே இன்புறு என்ற வினை இருக்கிறது. இலக்கணம் சுத்தம், பொருளும் யாருக்கும் விளங்கும்.

[செந்தூல், புதன் இரவு]

ஐயா, இரண்டு நாளாக என்னை உறுத்துவது என்ன என்று இப்போதுதான் பிடிபட்டது. அது அந்த 'ஆமை'.

குறள் அதிகாரங்களை எண்ணிப் பாருங்கள். அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை, கள்ளாமை, வெகுளாமை, கொல்லாமை. ஆமை என்று முடிந்தாலே நம் காதுக்கு அறமாகக் கேட்கிறது. செய்ய முடிந்தும் செய்யாதவர் என்று தோன்றுகிறது. முடியாமையையும் மறுத்தலையும் அந்த விகுதி பிரித்துக் காட்டுவதில்லை. போதாததற்கு 'இன்பம் விழையான்' என்று வள்ளுவரே பாராட்டுகிறார். இன்புறாமை என்றதும் அந்த மகன் தலையாட்டுவார், எங்கள் அம்மா அப்படித்தான் என்று.

இன்பம் விழையாதவர் தேன் இனிக்கும் என்று தெரிந்து கையை இழுத்துக்கொள்கிறவர். பாட்டிக்கு இழுத்துக்கொள்ள எதுவும் நீளவே இல்லை. துறந்தவரையும் பறிகொடுத்தவரையும் ஒரே பெயரால் அழைத்தால், பறிகொடுத்தவருக்கு மருந்து போகாது.

அதனால் நாவறட்சி போல 'இன்பவறட்சி'. கேட்டவுடன் நோய் என்று தெரியும். முன்பு ஈரம் இருந்தது, இப்போது இல்லை என்பதும் தெரியும். மழை பெய்தால் மாறும் என்ற நம்பிக்கையும் அதற்குள் இருக்கிறது.

[பினாங்கு, வியாழன் காலை]

கல்லாமையும் ஓர் அதிகாரம்தான் தம்பி, அது அறமா? நிலையாமை அறமா? விகுதியைக் குற்றம் சொல்லாதீர்கள். மகன் தவறாகப் புரிந்துகொள்வார் என்றால் மகனுக்கு விளக்க வேண்டும்; அதற்காகச் சொல்லை வளைக்கக் கூடாது. மேலும் வறட்சி என்பது முன்பு ஈரம் இருந்ததாகக் கொள்கிறது. இளமையிலிருந்தே இன்பம் தோன்றாதவர் உண்டென்றால் அவரை என்ன சொல்வீர்கள்?

1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது நான் மாணவன். கலைச்சொல் ஒன்று வந்தால் நூறு ஆண்டு நிற்க வேண்டும் என்று அன்று மனத்தில் பதிந்தது, இன்னும் போகவில்லை. உருவகத்தில் கட்டிய சொல் அவ்வளவு நாள் நிற்காது.

[கிள்ளான், வியாழன் மதியம்]

வறட்சி நல்ல சொல். நோயாளிக்கும் அவமானம் இல்லை, குடும்பத்துக்கும் பெருமை இல்லை. என் வாக்கு அதற்கு. கேள்வி கேட்கும்போது மட்டும் இன்பம் என்ற சொல்லே வேண்டாம்.

[ஈப்போ, வியாழன் மதியம்]

எனக்கும் சரி. சுகத்தை விட்டுவிடுகிறேன்.

[பெட்டாலிங் ஜெயா, வியாழன் மாலை]

துய்ப்பின்மைதான் துல்லியம் என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் நாளை அச்சு. இன்பவறட்சிக்கே போகலாம்.

[செந்தூல், வியாழன் இரவு]

முடித்துவிட்டேன். தலைப்பு 'இன்பவறட்சி'. அடைப்புக்குறிக்குள் 'இன்புறாமை'. தொண்டர்கள் கேட்க இரண்டு கேள்வி: "முன்னே பிடிச்சது ஏதாவது இப்பவும் வேணும்னு தோணுதா?" "செஞ்சா நல்லா இருக்கா?" மருத்துவமனை வினாத்தாளை நாங்கள் தொடவில்லை, இது பேச்சுக்கு மட்டும். அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: பற்று விட்டுப்போனது என்று வீட்டார் சொன்னால், எப்போதிலிருந்து என்று கேளுங்கள்.

அக்கா கேட்டதற்குப் பதில்: இன்று மாலை போய் வந்தேன். மைலோவைச் சூடாகக் கலந்து பாட்டி கையிலேயே வைத்துக் காத்திருந்தேன். ஒரு வாய் குடித்தார். "எப்படி இருக்கு?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "சூடா இருக்கு" என்றார்.

[பினாங்கு, வெள்ளி காலை]

அடைப்புக்குறிக்குள் வைத்ததை நான் ஏற்கவில்லை, பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன். மகன் மருத்துவரிடம் கூட்டிப்போக ஒத்துக்கொண்டாரா? அதை எழுதுங்கள்.