3எஸ்4பி லித்தியம் பேக்: 10.4 ஆம்பியர்-மணி வரவேண்டியது 7.6தான் வருகிறது

கேள்வி (கோத்தகிரி): தேயிலைக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்காக 2600 எம்ஏஎச் (2.6 ஆம்பியர்-மணி) 18650 உருளை செல் 12 போட்டுக் கட்டியது: நாலு நாலாக இணையாகச் சேர்த்த மூன்று குரூப், அவை தொடராக (3எஸ்4பி). எல்லாம் புதுசு. 12.6 வோல்ட் வரை சார்ஜ் ஏறுகிறது. 3 ஆம்பியர் சுமையில் 7.6 ஆம்பியர்-மணியிலேயே பிஎம்எஸ் (பேக்கைக் காக்கும் சர்க்யூட்) துண்டிக்கிறது. குளிர்தான் காரணமா?

பதில் 1: குளிர் கொஞ்சம் தின்னும், இவ்வளவு தின்னாது. லேபிளில் உள்ள அளவு 25 டிகிரி வாக்கில், குறைந்த கரண்டில் எடுத்தது. துண்டிக்கும் நொடியில் பேலன்ஸ் வயரில் (குரூப்களிலிருந்து பிஎம்எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய வயர்) மூன்று குரூப்பையும் தனித்தனியாக அளந்து போடுங்கள்.

கேள்வி கேட்டவர்: 2.80, 3.45, 3.48 வோல்ட்.

பதில் 2: முதல் குரூப்தான். மூன்று செல் மட்டும் வேலை செய்தால் 2.6 × 3 = 7.8 ஆம்பியர்-மணி, உங்கள் கணக்கு கிட்டத்தட்ட அதேதான். நாலில் ஒரு செல் வேலையே செய்யவில்லை, வெல்டிங் விட்டிருக்கும். பட்டை ஒட்டியது போலவேதான் தெரியும், கண்ணை நம்பாதீர்கள். சுமை ஓடும்போது மீட்டர் முனையை நிக்கல் பட்டையில் வைக்காமல் ஒவ்வொரு செல்லின் முனையிலேயே வையுங்கள். மூன்று இறங்கும், ஒன்று அசையாமல் நிற்கும்.

பதில் 1: கண்டுபிடித்ததும் உடனே வெல்டிங் வைத்துவிடாதீர்கள். 3.6 வோல்ட்டில் நிற்கும் செல்லை 2.8 வோல்ட் குரூப்போடு சேர்த்தால் பெரிய கரண்ட் பாயும். குரூப்பை சார்ஜ் ஏற்றி, ஆறவிட்டு, வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் வந்தபின் சேருங்கள். இன்னொன்று, உறைபனி விழும் காலையில் சார்ஜ் போட வேண்டாம். 0 டிகிரிக்குக் கீழே செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும், போன கொள்ளளவு திரும்பாது.