அம்மாவுக்கு ஒளி சிகிச்சை சொல்லியிருக்கிறார்கள், யாராவது செய்திருக்கிறீர்களா?

ஹட்டன்_திரீவீல்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 57 வயது. இன்னும் மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். இடுப்பைச் சுற்றியும் தொடையிலும் வெளிறிய திட்டுகள் வந்து வருடக்கணக்காகிறது. முதலில் தேமல் என்றார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் படைக்குப் பூசுகிற மருந்தைக் கொடுத்தார்கள். பக்கத்து லயத்து வீட்டுப் பாட்டி ஒருத்தி தொழுநோயை நினைத்து "பெரிய வியாதியா இருக்குமோ" என்று ஒரு வார்த்தை விட்டதில் அம்மா கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதை நிறுத்திவிட்டார். கடைசியில் கண்டியில் தோல் டாக்டர் சதை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. மறுபடி வெட்டி அனுப்பிய பிறகுதான் பெயர் வந்தது: மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ். தோலில் வருகிற ஒரு வகைப் புற்றுநோய், ஆரம்ப நிலைதான், பயப்படாதீர்கள் என்றார். புற்றுநோய் என்பதையும் பயப்படாதே என்பதையும் ஒரே மூச்சில் சொன்னால் எப்படி?

ஊசி இல்லை, ஆபரேஷன் இல்லை. கிழமைக்கு மூன்று நாள் ஒரு பெட்டிக்குள் நிற்க வைத்து ஒளி காட்டுவார்களாம். வெயில் பட்டால் தோல் புற்றுநோய் வரும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதே ஒளியால் எப்படிக் குணமாகும்? புதுசாக எதையோ நம் ஆட்களை வைத்துச் சோதிக்கிறார்களோ என்றுகூட ஓடுகிறது. தங்கச்சி சொல்கிறாள், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு உரசி உரசித்தான் வந்தது என்று. மூன்று நாள் கண்டிக்குப் போனால் மூன்று பேர், அதாவது மூன்று நாள் சம்பளம், போய்விடும். ஒளிதான் வேண்டுமென்றால் லயத்துக்குப் பின்னால் வெயிலில் நின்றால் ஆகாதா?

பதுளை_சாந்தி

எனக்கு சொரியாசிஸ். முழங்கையில் ஆரம்பித்து முதுகு முழுக்கச் செதில். நானும் அந்தப் பெட்டியில் நின்றவள்தான்.

ஆள் உயரத்துக்குச் சுற்றிலும் டியூப் லைட் மாதிரி இருக்கும், ஊதா வெளிச்சம். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி தருவார்கள், கழற்றவே கூடாது. முதல் நாள் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்காகவா பஸ் ஏறி வந்தோம் என்று இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். வலி கிடையாது, மெல்லிய சூடுதான். ஒவ்வொரு தடவையும் உள்ளே விடுமுன் நர்ஸ் கேட்பது ஒரே கேள்வி: போன தடவை சிவந்ததா, எவ்வளவு நேரம் இருந்தது? லேசாகச் சிவந்து மறுநாள் மறைந்தால் சரி. கொப்புளம் வந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள்.

அம்மாவுக்கு உடுப்புக் கழற்றுவதுதான் பெரிய பாடாக இருக்கும். திட்டு இருக்கிற இடத்தில் ஒளி நேராகப் பட வேண்டுமே. பெட்டியின் கதவைச் சாத்திவிடுவார்கள், யாருக்கும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் வாசலில் இருந்தே திரும்பிவிடுவார். என் மாமியார் அப்படித்தான் செய்திருப்பார்!

வைத்தியர்_பேரன்

இதற்கெல்லாம் கண்டி எதற்கு? கார்போகரிசியை அரைத்துப் பூசிக் காலை வெயிலில் நிற்கச் சொல்லுங்கள். எங்கள் தாத்தா வெண்புள்ளிக்கு அதைத்தான் கொடுப்பார்.

ஓய்வுபெற்ற_நர்ஸ்

தம்பி, நான் தோல் கிளினிக்கில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். டாக்டர் இல்லை. அம்மாவின் கிளினிக் கொப்பியைப் பார்க்காமல் அளவெல்லாம் சொல்ல மாட்டேன். மற்றதைச் சொல்கிறேன்.

படங்கு உரசி இது வராது. டி லிம்போசைட் என்கிற வெள்ளை அணுக்கள் கெட்டுப்போய்த் தோலில் தங்கிப் பெருகுவதுதான் இந்த நோய். இடுப்பு, பிட்டம், தொடை, மார்பு என்று வெயில் படாத இடங்களில்தான் பெரும்பாலும் தொடங்கும். அம்மா இத்தனை வருடம் மலையில் நின்றிருக்கலாம், படங்கு கட்டிய இடத்தில் வெயில் எங்கே பட்டது? நம் நிறத்துத் தோலில் சிலருக்கு இது வெளிறிய திட்டாக வருவதால் தேமல், வெண்புள்ளி, தொழுநோய் என்றெல்லாம் தடுமாறுவது உண்டு. முதல் பரிசோதனையில் பிடிபடாததும் அதிசயமில்லை. ஒட்டுகிற நோய் இல்லை, அதை அந்தப் பாட்டிக்குச் சத்தமாகவே சொல்லுங்கள். ஆரம்ப நிலையில் இது மிக மெதுவாக நகரும். பலர் இதோடு தம் ஆயுளை முழுதாக வாழ்கிறார்கள். டாக்டர் ஒரே மூச்சில் சொன்னதில் பிழையில்லை.

புதுசும் இல்லை. தோலில் வருகிற காசநோயை ஒளியால் ஆற்றியதற்காக டென்மார்க் டாக்டர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903லேயே நோபல் பரிசு கொடுத்தாயிற்று.

வெயிலில் எல்லாக் கதிரும் கலந்து வரும். அந்தப் பெட்டியில் வருவது பெரும்பாலும் 311 நானோமீட்டரை ஒட்டிய யூவிபி மட்டும், யூவி என்கிற புற ஊதாக் கதிரில் அது ஒரு வகை. அது மேல்தோலுக்கும் அதற்குச் சற்றுக் கீழேயும்தான் இறங்கும். திட்டு மெல்லிசாக இருக்கும்போது கெட்ட அணுக்கள் இருப்பதும் அங்கேதான். திட்டு தடித்தால் ஆழம் போதாது. அப்போது தோலை ஒளிக்குக் கூசவைக்கிற சோரலென் குளிசையைக் கொடுத்து, இன்னும் ஆழமாக இறங்குகிற யூவிஏ கதிரைக் காட்டுவார்கள், பூவா என்பது அதுதான். பூவாவை நூற்றுக்கணக்கான தடவை எடுத்த வெள்ளைத் தோல்காரர்களுக்கு வேறு தோல் புற்றுநோய் கூடியது உண்மை. ஆகவே உங்கள் பயம் முட்டாள்தனமில்லை. அதனால்தான் மெல்லிய திட்டுக்கு யூவிபியில் தொடங்குகிறார்கள், கொடுத்த ஒவ்வொரு அளவையும் எழுதி வைக்கிறார்கள்.

லயத்துப் பின்பக்கம் சரிவராது. 1,000 மீட்டர் ஏறினால் யூவி ஏறக்குறைய 10 வீதம் கூடும், நுவரெலியா 1,800 மீட்டருக்கும் மேலே. மெல்லிய மேகத்தைத் தாண்டியும் அதில் பெரும்பகுதி இறங்கிவிடும். குளிர்கிறதே என்று நின்றால் தோல் வெந்த பிறகுதான் தெரியும். உப்பைக் கண்ணளவில் போடலாம், இதை முடியாது.

பேரன், தாத்தாவைக் குறை சொல்லவில்லை. கார்போகரிசியில் இருப்பதும் சோரலென்தான். வேலை செய்கிற சரக்கு என்பதால்தான் எனக்குப் பயம். அதைப் பூசிக்கொண்டு கொழுந்து மலைக்குப் போனால் தோல் கொப்பளித்துப் போகும். சிகிச்சை நடக்கிற காலத்தில் அது வீட்டுப் பக்கமே வேண்டாம். தேசிக்காய்ச் சாறும் அதே இனம், முகத்தில் பூசி வெயிலில் போகிற பெண்பிள்ளைகளும் கவனியுங்கள்.

லிந்துல_ரவி

அக்கா, மாமாவுக்கு மூக்கோரத்தில் பேசல் செல் புற்றுநோய் என்கிறார்கள். வெட்டாமல் இந்தப் பெட்டியில் நிற்கலாமா?

ஓய்வுபெற்ற_நர்ஸ்

இந்தப் பெட்டி அதற்கு ஆகாது. மேலோட்டமான பேசல் செல்லுக்கு வேறொரு முறை இருக்கிறது. ஒரு கிரீமைப் பூசிச் சில மணி நேரம் மூடி வைப்பார்கள், கெட்ட அணுக்கள் அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும், பிறகு அந்த இடத்துக்கு மட்டும் சிவப்பு ஒளி. நல்லாவே எரியும். ஆனால் அதுவும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போகாது. மூக்கோரத்தில் வருவது ஆழமாக வேர் விடும், திரும்பியும் வரும். வெட்டச் சொன்னால் வெட்டிவிடுங்கள். மெலனோமா என்கிற கறுப்பாக வருகிற தோல் புற்றுநோய்க்கு இந்த இரண்டுமே கிடையாது. உள்ளங்காலில் அல்லது நகத்துக்கு அடியில் கறுப்பு பரவுவதைக் கண்டால் ஒளி, பூச்சு என்று நாள் கடத்தாமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

ஹட்டன்_திரீவீல்

அக்காமாருக்கு நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டி பகுதியை மட்டும் இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். பேர் விஷயத்துக்கு என்ன செய்வது? இன்னொன்று, அம்மா ப்ரெஷர் குளிசை போடுகிறார், ஹைட்ரோகுளோரோதயசைட் என்று எழுதியிருக்கிறது. பரவாயில்லையா?

ஓய்வுபெற்ற_நர்ஸ்

அந்தக் குளிசை சிலருக்குத் தோலை ஒளிக்குக் கூசவைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ப்ரெஷர் ஏறிவிடும். குளிசை அட்டையோடு போய் முதல் ஒளிக்கு முன்பே காட்டுங்கள். மாற்றுவதா, அளவைக் குறைத்துத் தொடங்குவதா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

பேருக்கு: ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வைப்பார்கள், சில மாதம் ஓடும். பக்கத்தில் மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மாற்றித் தர முடியுமா, கிழமைக்கு இரண்டு நாள் போதுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். தோட்டத்துக்குக் காட்ட ஒரு கடிதமும் வாங்குங்கள். இடையில் விட்டுவிட்டுப் போனால் அளவைக் குறைத்துத் திரும்ப ஏற வேண்டும், நாள்தான் நீளும். காலையில் முதல் ஆளாகப் போக இடம் கேளுங்கள், அரைப் பேராவது மிஞ்சும்.