சீரியல் கன்சோல் வெறும் கறுப்பாய் நிண்டால்: உங்கட அனுபவம் என்ன?

கோண்டாவிலான்:
போன கிழமை இரவு கரண்ட் போய் வந்தாப்பிறகு எங்கட கேவிஎம் சேர்வரில (ஒரு கம்பியூட்டருக்குள்ள கன மெய்நிகர் மெஷினுகளை ஓட்டுறது) ஒரு உபுண்டு லினக்ஸ் மெஷின் மட்டும் எழும்பேல்லை. பிங்குக்குப் பதில் இல்லை, தூரத்திலயிருந்து உள்ளுக்குப் போற எஸ்எஸ்எச்சும் இல்லை. சேர்வரிலயிருந்து மெஷினின்ர சீரியல் கன்சோலுக்குள்ள, அதாவது எழுத்து மட்டும் வாற திரைக்குள்ள, போக ‘விர்ஷ் கன்சோல்’ அடிச்சன். இணைஞ்சாச்சு எண்டு ஒரு வரி வந்துது, வெளியில வர எந்தக் கீ எண்டு இன்னொரு வரி. அவ்வளவுதான். என்ரரை எத்தனை தரம் தட்டினாலும் கேர்சர் அசையேல்லை.

ஒரு மணித்தியாலம் மெஷினின்ர அமைப்பு எழுதியிருக்கிற எக்ஸ்எம்எல் கோப்பைப் பிரட்டினன். சீரியல் போர்ட் அதில சரியாத்தான் இருந்தது. சேர்வர் பக்கத்தில வயர் கொழுவியிருக்கு, மற்றப் பக்கத்தில கதைக்கத்தான் ஆளில்லை. ரீரீவைஎஸ்0 (முதல் சீரியல் போர்ட்டின்ர பேர்) இல எழுது எண்டு லினக்ஸின்ர மையமான கேர்னலுக்கு ஒருதரும் சொல்லி வைக்கேல்லை.

கடைசியில மெஷினின்ர திரையைப் படமாக் காட்டுற விஎன்சியால உள்ளுக்குப் போனன். போன் டேட்டாவில ஒவ்வொரு எழுத்தும் இழுபட்டு இழுபட்டு வந்துது. கழட்டி எடுத்த டிஸ்க் ஒண்டின்ர வரி எஃப்எஸ்டாப்பில (பூட் ஆகேக்க கொழுவ வேண்டிய டிஸ்க்குகளின்ர பட்டியல்) அப்பிடியே கிடந்திருக்கு, அதுதான் மெஷின் முழுசா எழும்பாமல் எமர்ஜென்சி மோடில நிண்டது. அந்த வரியை எடுத்துவிட்டு, கிரப்பின்ர (கேர்னலை ஏத்திவிடுற புரோகிராம்) கேர்னல் வரியில முதல் ரீரீவை0 (மெஷினின்ர திரை), பிறகு ரீரீவைஎஸ்0, வேகம் 115200 எண்டு ரெண்டு கன்சோலும் போட்டு, அப்டேட் கிரப் குடுத்து ரீபூட் பண்ணினன். லொகின் வந்துது.

ரெண்டில எது கடைசியா நிக்குதோ அதுதான் பிரதான கன்சோல். முதல்ல நான் மாறிப் போட்டிட்டன். கேர்னல் செய்தியள் வந்துது, சேர்விஸ்கள் எழும்புற வரியள் ஒண்டும் வரேல்லை.

நல்லூரான்:
தம்பி, ரீபூட் பண்ண ஏலாத மெஷின் எண்டால் எஸ்எஸ்எச் இருக்கேக்கையே லொகின் கேக்கிற சீரியல் கெற்றி சேர்விஸை ரீரீவைஎஸ்0 க்கு எனேபிள் பண்ணி, அப்பவே ஸ்டார்ட் பண்ணிவிடுங்கோ. உடன லொகின் வரும். பூட் செய்தியள் வேணுமெண்டால்தான் கேர்னல் வரி தேவை.

எனக்கு நடந்தது வேற. கன்சோலை ஏற்கனவே ஆரோ பாவிக்கினம் எண்டு பிழை காட்டிச்சுது. ஆரெண்டு தேடினால், ஒஃபிசில நானே திறந்து விட்டிட்டு வந்த செஷன். பழைய செஷனைத் தள்ளிவிடுற ஃபோர்ஸ் ஒப்ஷன் குடுத்து உள்ளுக்குப் போனன். பேந்து நானோ எடிட்டரைத் திறந்தால் வரியள் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி நிண்டுது. சீரியல் வயருக்கு விண்டோ அளவு தெரியாது, 80 க்கு 24 எண்டே வைச்சிருக்கும். எஸ்டிடிஒய் கட்டளையால ரோஸ் (எத்தினை வரி), கொலம்ஸ் (ஒரு வரியில எத்தினை எழுத்து) குடுத்தாப்பிறகுதான் நேராச்சுது.

வடமராட்சிக்காரன்:
அண்ணை சொன்னது சரி. ஆனால் ஆம் (ARM) புரொசெசர் மெஷின் வைச்சிருக்கிறவை கவனிக்கோணும். அதில ரீரீவைஎஸ்0 இல்லை, ரீரீவைஏஎம்ஏ0. நான் ரெண்டு நாள் இல்லாத போர்ட்டில தேடிக்கொண்டிருந்தன். கேர்னல் செய்தியளைக் காட்டுற டிமெசேஜில ரீரீவை எண்டு தேடிப் பாத்திருந்தால் ஒரு நிமிசத்தில தெரிஞ்சிருக்கும்.

கோண்டாவில் தம்பி, கிரப் மெனுவையும் சீரியலுக்குத் திருப்பி விடுங்கோ. என்ர டெபியன் லினக்ஸ் மெஷினில ரூட் (அட்மின்) கணக்குப் பூட்டிக் கிடந்ததால எமர்ஜென்சி மோடும் உள்ளுக்கு விடேல்லை. மெனு சீரியலில வந்தபடியாலதான் கேர்னல் வரியில இனிட்டை (முதல்ல ஓடுற புரோகிராம்) பாஷுக்கு (கட்டளை அடிக்கிற ஷெல்) மாத்தி உள்ளுக்குப் போய்ப் பாஸ்வேர்ட் வைச்சனான்.

கோண்டாவிலான்:
இப்ப கிரப் டெர்மினலையும் மாத்திப் பாத்தன், மெனு சீரியலில வருது. மிச்சம் நாலு மெஷின் இருக்கு, இண்டைக்கு இரவே அதுகளையும் செய்துபோட்டுத்தான் படுக்கப் போறன்.