ரெண்டு வண்டிக்குமே ‘எஃப்.சி. 2029 வரை’ன்னு காட்டுது, எதை நம்பறது?

குன்னூர்_புதுசு:
செகண்ட் ஹேண்ட் கார் பார்த்துட்டு இருக்கேன். ரெண்டு வண்டி வந்திருக்கு. ஒண்ணு 2014 டிசையர் டீசல், ரெண்டாவது ஓனர். இன்னொண்ணு 2009 ஆம்னி பெட்ரோல். ரெண்டும் டி.என். 43, ஓன் போர்டு (டாக்ஸி இல்லை, சொந்த உபயோக வண்டி). எம்-பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டா ரெண்டுக்குமே எஃப்.சி., அதாவது ஃபிட்னஸ் (வண்டி ஓட்டத் தகுதியா இருக்குங்கற சான்று), 2029 வரைன்னு வருது. ‘எஃப்.சி. கையில இருக்கு, அப்புறம் என்ன யோசனை’ங்கிறார் புரோக்கர். பழைய எஃப்.சி. விவரமெல்லாம் எங்க பார்க்கறது? தினமும் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறணும், அதான் கேக்குறேன்.

பிரேக்ஷூ:
அந்த ரெண்டு 2029-உம் ஒண்ணு இல்லீங்க.

ஓன் போர்டு காருக்கு முதல் பதிவே 15 வருஷத்துக்கு. அதுவரைக்கும் எஃப்.சி.க்குன்னு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டவே வேண்டாம். 2014 + 15 = 2029. ஆப்ல ஃபிட்னஸ் கட்டத்துல நீங்க பார்க்கறது அந்தப் பதிவு முடியற தேதிதான். டிசையரை யாரும் பரிசோதிச்சுப் பாஸ் போட்டதா அதுக்கு அர்த்தமே இல்லை. அதனால அதுக்கு எஃப்.சி. வரலாறுன்னு தேட ஒண்ணும் இருக்காது. விதிவிலக்கு ஒண்ணு உண்டு, அதைக் கீழே சொல்றேன்.

ஆம்னி கதை வேற. 2024-ல 15 வருஷம் முடிஞ்சு, பதிவைப் புதுப்பிக்கற படிவம் 25 போட்டு, வண்டியை நேர்ல பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டி 5 வருஷம் வாங்கியிருக்காங்க. ஆக, வயசான ஆம்னிதான் ஒரு தடவையாவது பரிசோதனை பார்த்த வண்டி! அந்த ரெனியூவல் கட்டண ரசீதைக் கேளுங்க. கட்டணம் 5,000. தாமதமா விண்ணப்பிச்சா மாசத்துக்கு 500 கூடுதல். ரசீதுல ஆறேழு மாச அபராதம் இருந்தா, வண்டி அவ்வளவு நாள் பேப்பர் இல்லாம ஓடியிருக்கு, இல்லேன்னா மூடுபனியில சும்மா நின்னிருக்கு. நின்ன வண்டின்னா துருவைத்தான் முதல்ல தேடணும். இன்னொண்ணையும் கணக்குல வைங்க: 2029-ல அடுத்த ரெனியூவல் வரும்போது ஆம்னிக்கு 20 வயசு தாண்டிடும். 2025 ஆகஸ்ட்ல ஏத்தின கட்டணப்படி அதுக்கு 10,000. பசுமை வரி தனி.

இப்ப விதிவிலக்கு. டிசையர் முன்னாடி டாக்ஸியா ஓடி, பிறகு ஓன் போர்டா மாத்தியிருந்தா எஃப்.சி. வரலாறு இருக்கும். இப்போதைய விதிப்படி மஞ்சள் போர்டுக்கு (டாக்ஸிக்கு) முதல் 8 வருஷம் 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம். ஊட்டிப் பக்கம் டிசையர்னாலே இந்தச் சந்தேகம் வந்தாகணும். கண்டுபிடிக்க சுலபமான வழி வரி ரசீது. புது வண்டியா ஓன் போர்டுல பதிவாகியிருந்தா ஆயுள் வரி பதிவு தேதியை ஒட்டியே கட்டியிருப்பாங்க. பதிவு 2014, ஆயுள் வரி 2020-ன்னு இருந்தா, டாக்ஸியா இருந்திருக்கணும், இல்லேன்னா வெளி மாநிலத்துல இருந்து வந்திருக்கணும். டாக்ஸின்னு தெரிஞ்சா பழைய படிவம் 38 (எஃப்.சி. சான்று) எல்லாத்தையும் கேளுங்க. தேதிகளை வரிசையா வெச்சுப் பாருங்க, நடுவுல ஓட்டை விழுந்த இடத்துல ஏன்னு கேளுங்க. ஆப் இப்போதைய தேதியை மட்டும்தான் காட்டும். அலுவலகப் பதிவு வேணும்னா பரிவாகன் தளத்துல ‘ஆர்.சி. பர்டிகுலர்ஸ்’ (பதிவுச் சான்று விவரம்) எடுக்கச் சொல்லுங்க. ஓடிபி ஓனர் போனுக்குத்தான் போகும்.

ஆவி_பறக்குது:
மேல சொன்னது சரி. ஓன் போர்டுக்கு எஃப்.சி. இல்லாத குறையை இன்சூரன்ஸ் பாலிசி பாதி தீர்க்கும். பாலிசியில நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவுன்னு பாருங்க. கிளெய்ம் இல்லாம போனா 20, 25, 35, 45, 50 சதவீதம்னு வருஷா வருஷம் ஏறும். ஒரே ஓனர் கையில ஆறு வருஷமா இருக்கற வண்டிக்கு 20 தான்னா, சமீபத்துல கிளெய்ம் ஆயிருக்கு. என்ன அடின்னு கேளுங்க. ஆனா போனஸ் ஓனரோட சொத்து, வண்டியோடது இல்லை. கை மாறின உடனே பூஜ்யத்துல ஆரம்பிக்கும். பாலிசி முடிஞ்சு 90 நாள் தாண்டினாலும் போயிடும். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசின்னா இந்தக் கணக்கே கிடையாது.

புகைச் சான்றும் பாருங்க. பி.எஸ். 3 (புகை அளவுக்கான தர வரிசை) வண்டிக்கு 6 மாசம், பி.எஸ். 4-க்கு ஒரு வருஷம். விக்கறதுக்கு முந்தின நாள் எடுத்த சான்றுன்னா அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்லை.

கோத்தகிரி_பட்டறை:
பேப்பர் எல்லாம் சரியா இருந்தாலும், எஃப்.சி. அன்னைக்கு இருந்த நிலைமைக்குத்தான் சாட்சி. அன்னைக்கு மட்டும் நல்ல டயர் மாட்டிட்டுப் போய்க் காட்டிட்டு, திரும்பி வந்து கழட்டறவங்க உண்டு. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319-ன்னா 2019-ஓட 23-வது வாரம். நாலு டயரும் நாலு வெவ்வேறு வருஷம் காட்டினா யோசிங்க.

ஆம்னியில கார்பெட்டைத் தூக்கணும். டிரைவர் கால் வைக்கிற தகடு, சறுக்குக் கதவோட கீழ் ரெயில், பின் சக்கர வளைவு. இதுல முக்கியமானது, பின்னாடி பிளேட் ஸ்பிரிங் பாடியில மாட்டற இடம். ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டுங்க. கணீர்னு கேட்டா தகடு இருக்கு, மொத்தமா சத்தம் செத்திருந்தா உள்ள துரு, இல்லேன்னா பட்டி (ஓட்டையை மறைக்கப் பூசின பூச்சு). அடியில கருப்பு கோட்டிங் புதுசா மினுக்கினா, அதுக்குக் கீழ ஒட்டு வேலை இருக்கான்னு லிஃப்ட்ல ஏத்திப் பார்க்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. தரைத் தகடு ஒட்டலாம், செலவோட போச்சு. ஸ்பிரிங் மாட்டற இடம் அரிச்சிருந்தா விட்டுடுங்க.

டிசையருக்கு: ராத்திரி பூரா நின்ன வண்டியைக் காலையில நீங்களே ஸ்டார்ட் பண்ணணும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்க. சூடானப்புறம் ஐட்லிங்ல ஆயில் மூடியைத் திறங்க. புகை குப்பு குப்புன்னு வந்தா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு. ஏத்தத்துல மூணாவது கியர்ல மெதுவா போய் ஆக்சிலேட்டரை அழுத்துங்க. ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் பிளேட் போச்சு.

எந்த வண்டியா இருந்தாலும் குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் வழியில பர்லியார் வரைக்கும் செகண்ட் கியர்ல இறக்கிப் பாருங்க. பர்லியார்ல நிறுத்தி, தொடாம சக்கரத்துக்குப் பக்கத்துல கையைக் கொண்டுபோங்க. முன்னாடி ரெண்டும் பின்னாடியை விடச் சூடா இருக்கும், அது சகஜம். ஆனா முன்னாடி இடது, வலது ரெண்டும் ஒரே அளவு சூடா இருக்கணும். ஒண்ணு மட்டும் கொதிச்சா காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தற பாகம்) பிடிச்சுக்கிட்டிருக்கு, ஒண்ணு மட்டும் ஆறியிருந்தா அந்தப் பக்கம் பிரேக்கே வேலை செய்யலை. கீழ வரவர பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினா பிரேக் ஆயில்ல தண்ணி ஏறியிருக்கு. டாட் 3 ரக பிரேக் ஆயில் புதுசுல 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினா அதுவே 140-க்கு வந்துடலாம். ஆயில் மாத்தினா தீர்ற விஷயம்தான், அதுக்காக நல்ல வண்டியை விட வேண்டாம்.

குன்னூர்_புதுசு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். டிசையர் ஆயுள் வரி பதிவு பண்ணின அதே வாரம்தான், அது சரி. ஆனா ஆர்.சி. இன்னும் முதல் ஓனர் பேர்லயே இருக்கு. ரெண்டாவது ஓனர், பேர் மாத்தற படிவம் 29, 30-ஐ முதல் ஓனர் கையெழுத்தோட வெச்சிருக்கார். நேரா என் பேருக்கு மாத்திக்கலாம்ங்கிறாங்க.

பிரேக்ஷூ:
அப்ப ‘ரெண்டாவது ஓனர்’ங்கிறது வாய் வார்த்தைதான். பேர் மாத்த ஓடிபி முதல் ஓனர் நம்பருக்குப் போகும். அந்த நம்பர் இன்னும் உயிரோட இருக்கா, ஆள் எடுப்பாரா, முதல்ல அதைக் கேளுங்க. லோன் இருந்திருந்தா, அது தீர்ந்ததுக்கான படிவம் 35-உம் பேங்க் என்.ஓ.சி.யும் வேணும், ஆர்.சி.யில ஹெச்.பி. (லோன் குறிப்பு) இன்னும் நிக்குதான்னு பாருங்க. சலான் பாக்கி எல்லாம் வண்டி நம்பர்லதான் கிடக்கும், அதையும் இ-சலான் தளத்துல தட்டிப் பார்த்துடுங்க. முதல் ஓனர் நேர்ல வந்து ஓடிபி சொல்லி, விண்ணப்பம் ஏறினப்புறம் முழுப் பணம். அதுக்கு முன்னாடி டோக்கன் அட்வான்ஸ் மட்டும், அதுவும் எழுதி வாங்கிட்டு.