சிறுசட்டகம், நடுச்சட்டகம்: ரிவால்வர் அளவுக்கு ஒரு சொல்

> ஸ்மால் ஃபிரேம் ரிவால்வரைக் 'குறுந்துப்பாக்கி' என்றும் மீடியம் ஃபிரேமை 'நடுத்துப்பாக்கி' என்றும் சொல்லிவிடலாமே?

வணக்கம் ஐயா. குறுந்துப்பாக்கி காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்பவர் குழலின் நீளத்தைத்தான் நினைப்பார். ஃபிரேம் என்பது குழல், தோட்டாக்கள் நிரப்பும் உருளை, விசை, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் குதிரை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் உடல். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் நடுத்தர உடல் கொண்ட மாடல் 10 நான்கு அங்குலக் குழலோடும் வந்தது, இரண்டு அங்குலக் குழலோடும் வந்தது. குழல் பாதியானாலும் உருளையின் விட்டம் அதே 37 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. சட்டைக்குள் மறைக்கும்போது துருத்திக்கொண்டு நிற்பதும் அந்த உருளைதான். அதே நிறுவனத்தின் சிறிய உடலான ஜே ஃபிரேமில் அது ஏறக்குறைய 33 மி.மீ. இந்த வேறுபாட்டைக் குறுந்துப்பாக்கி என்ற சொல் மறைத்துவிடும்.

> அப்படியானால் 'ஐந்தோட்டா', 'அறுதோட்டா' என்று எண்ணிக்கையால் பிரிப்போம்.

இதுவும் நிற்காது. 1950இல் வந்த ஜே ஃபிரேம் .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகையில் ஐந்து கொள்ளும்; அதே உடல் அதைவிடச் சிறிய .22 வகையில் எட்டு கொள்ளும். கோல்ட் நிறுவனம் 1927இலேயே டிடெக்டிவ் ஸ்பெஷலின் சிறிய உடலுக்குள் ஆறு .38 தோட்டாக்களை அடக்கிக் காட்டியது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் நடுத்தர உடல் கொண்ட 686 பிளஸில் ஏழு. எண்ணிக்கையைப் பெயராக வைத்தால் பாதித் துப்பாக்கிகள் தவறான பிரிவில் போய் விழும்.

சிறிய ஃபிரேமை எடையை வைத்து 'இலகுரகம்' என்று அழைக்கலாம் என்ற பரிந்துரையும் வந்தது; அதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 642 அலுமினியக் கலவை உடல், எடை சுமார் 425 கிராம். ரூகர் எஸ்பி101 முழு எஃகு, சுமார் 700 கிராம். இரண்டும் சிறிய ஃபிரேம்தான். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இலகு என்றதும் சுடுவதும் சுலபம் என்று புதிதாகக் கற்பவர் நினைத்துவிடுவார். உண்மை நேர்மாறானது. ஒரே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியில் சுட்டால் உதைப்பு கூடும். பிடி குட்டையானதால் சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது. குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம் குறைவதால் கை சற்று அசைந்தாலும் இலக்கு நழுவும். விசையை இழுக்கவும் பெரும்பாலும் கூடுதல் பலம் வேண்டும். நாள் முழுக்க இடுப்பிலோ கணுக்காலிலோ வைத்திருக்கச் சிறிய உடல் அருமை. சுடுதளத்தில் நூறு தோட்டா சுட்டுப் பழக அது கைக்குத் தண்டனை, வலுமிக்க .357 மேக்னம் தோட்டா என்றால் சொல்லவே வேண்டாம். பழகுவதற்கு நடுத்தர உடல்தான் நல்லது. நான்கு அங்குலக் குழலோடு கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும், அந்த எடையே உதைப்பை வாங்கிக்கொள்ளும். வாங்குபவர் எடைபோட வேண்டிய இந்த வேறுபாட்டை நம் சொல் மழுப்பக் கூடாது.

ஆகவே உடலையே பெயராக வைப்போம். 'சட்டம்' என்றால் குழப்பம்: 'துப்பாக்கிச் சட்டம்' என்று எழுதினால் எல்லோரும் உரிமம், தண்டனை என்றுதான் படிப்பார்கள். 'கூடு' வெறும் மேலுறையைக் காட்டுகிறது. 'சட்டகம்' பொருத்தம். தாங்கும் அமைப்பு என்ற பொருளில் இன்றும் புழங்குகிறது, உடல் என்ற பழம்பொருளும் அதற்கு உண்டு. சிறுசட்டகம், நடுச்சட்டகம், பெருஞ்சட்டகம் என்று மூன்றும் தடையின்றி வருகின்றன. 'இடைச்சட்டகம்' வேண்டாம் என்பேன். இடுப்பில் செருகும் பொருளுக்கு 'இடை' என்று பெயர் வைத்தால் இரட்டைப் பொருள் வந்துவிடும்.

> ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் கே, எல் ஃபிரேம்கள் இரண்டுமே நடுத்தரம் என்கிறார்களே, அவற்றை எப்படிப் பிரிப்பது?

நல்ல கேள்வி. 1955இல் .357 மேக்னத்துக்காக வந்த கே சட்டக ரிவால்வர்களில், வேகமான மேக்னம் தோட்டாக்களை நிறையச் சுட்டபோது சிலவற்றில் குழலின் பின்வாய் விரிசல் கண்டது. அந்த இடத்தைத் தடிப்பாக்கி, பிடியின் அளவை மாற்றாமல், 1980களின் தொடக்கத்தில் எல் சட்டகம் வந்தது. கைக்கு இரண்டும் ஒரே அளவு, உறுதியில் வேறு. இவற்றுக்குத் தனித்தனித் தமிழ்ச்சொல் தேடுவது வீண் வேலை. எழுத்துகள் நிறுவனத்தின் பெயரீடு, அவை அப்படியே இருக்கட்டும்: 'எல் வகை நடுச்சட்டகம்'. குழலைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'குறுங்குழல் நடுச்சட்டக ரிவால்வர்' என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

கலைச்சொல் பதிவுக்கு என் வரைவு இது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

சிறுசட்டகம்: ரிவால்வரின் குழல், உருளை, விசை ஆகியவற்றைத் தாங்கும் உடலின் அளவுப் பிரிவுகளில் சிறியது. குழல் நீளம், தோட்டா எண்ணிக்கை, எடை ஆகியவற்றைச் சாராது. எல்லை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.