‘டிடெக்டர்’ என்பதற்கு ‘ஒலியிறக்கி’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பேட்டரி இல்லாமல் ஓடும் எளிய படிக வானொலியில் வரும் ‘டிடெக்டர்’ என்ற சொல்லுக்குத் தமிழில் உணர்வி, கண்டறிவான் என்ற இரண்டையே சுற்றிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் அக்கா மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் எட்டாவது படித்தபோது வேளச்சேரியில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு வானொலி கட்டினோம். இரண்டு அங்குல பிவிசி குழாயில் 26 கேஜ் எனாமல் கம்பி 60 சுற்று, பழைய ரேடியோவில் கழற்றிய, ஸ்டேஷன் மாற்றத் திருப்பும் கேங் கண்டன்சர், துணிக்கொடிக்கு மேலே 15 மீட்டர் ஏரியல். எர்த்துக்குக் கீழே இருந்த அடிபம்பு. பேட்டரி கிடையாது. மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் உறுப்பு டையோடு. முதலில் கையிலிருந்த 1என்4007 சிலிக்கன் டையோடைப் போட்டேன், சத்தமே இல்லை. அது கடத்த ஏறக்குறைய 0.6 வோல்ட் வேண்டும். எங்கள் ஏரியல் அவ்வளவு தரவில்லை. மறுநாள் மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி ஓஏ79 ஜெர்மானியம் டையோடு வாங்கி வந்தேன். அதற்கு 0.2, 0.3 வோல்ட் போதும். கண்டன்சரை மெல்லத் திருப்ப, 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலியின் நாதஸ்வரம் எறும்பு ஊர்வது போலக் காதுக்குள் வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

அப்புறம் டையோடைக் காட்டி, “மாமா, இதுதான் டிடெக்டர்னு சொன்னீங்களே, இது எதைக் கண்டுபிடிக்குது? ஸ்டேஷனைக் கண்டுபிடிச்சது கண்டன்சர்தானே?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது முழுக்கச் சரி. எத்தனையோ அலைகளில் 720-ஐப் பொறுக்கி எடுப்பது சுருளும் கண்டன்சரும்தான். அந்த 60 சுற்றுக்குச் சுமார் 220 மைக்ரோஹென்றி வரும். கண்டன்சர் 220 பிகோஃபாரட் பக்கம் வரும்போது இரண்டும் 720-க்கு இசைகின்றன. டையோடின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மேலும் கீழும் சமமாக ஆடும் அலையில் ஒரு பாதியை அது தடுத்துவிடுகிறது. மிச்சப் பாதியின் ஏற்றத்தாழ்வுதான் இயர்போனில் பாட்டாகக் கேட்கிறது. இதில் கண்டறிதல் எங்கே இருக்கிறது?

அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தை வைத்துச் செய்த கருவிக்கு 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மின் சலனங்களைக் கண்டறியும் கருவி என்பதே அதன் தலைப்பு. அன்று கம்பியில்லாமல் போனது மோர்ஸ் தந்தி. அலை வந்ததா இல்லையா என்று தெரிந்தால் போதும், ஆகவே பெயர் பொருந்தியது. பிறகு பேச்சும் பாட்டும் அலையில் ஏறின, வேலை மாறியது. ஆங்கிலத்தில் பழைய பெயரே நின்றுவிட்டது. அவர்களுக்கு அது பழகிய பெயர். புதிதாகச் சொல் வைக்கும் நாம் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை.

நம் பாடநூல்களில், ஒலியைச் சுமந்து வரும் அலைக்கு ஊர்தி அலை, அதில் ஒலியை ஏற்றுவதற்குப் பண்பேற்றம் என்ற நல்ல சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஊர்தியில் ஏற்றியதை வீடு வந்ததும் இறக்க வேண்டும். கோயம்பேட்டில் விடியற்காலை லாரியிலிருந்து மூட்டை இறக்குவதைப் பார்த்த யாருக்கும் இது புரியும்: லாரி கடைக்குள் வராது, காய் மட்டும் வரும். அதனால் ‘ஒலியிறக்கி’ என்கிறேன். பண்பேற்றத்துக்கு எதிராக ‘பண்பிறக்கி’ என்றும் வைக்கலாம், அது வரிசையாகத்தான் வருகிறது. ஆனால் வகுப்பறைக்கு வெளியே அதைக் கேட்பவர் பண்பு குறைவதைத்தான் நினைப்பார்.

இறக்கப்படுவது ஒலி அல்ல, ஒலியின் வடிவில் இருக்கும் மின்சாரம்தானே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ஒலிவாங்கியும் மின்சாரத்தைத்தான் வெளியே தருகிறது. அந்தப் பெயரால் யாரும் குழம்பவில்லை. ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, ஒலியிறக்கி என்று மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கின்றன. இணையத்தில் சொல்லும் பதிவிறக்கத்தோடு இது குழம்பும் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை, அங்கேயும் இறக்கம் அதே பொருளில்தான் வருகிறது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருப்போம். ஒலியிறக்கி என்பது செய்யும் வேலைக்கான பெயர், உறுப்புக்கானது அல்ல. ஓஏ79 டையோடாகவே இருக்கட்டும். கலீனா கல்லில் மெல்லிய கம்பி தொட்டாலும் ஒலியிறக்கிதான். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் சவர பிளேடில் பென்சில் கரியைத் தொடவைத்துக் கேட்டார்களே, அதுவும்தான். கலீனா கல்லைத் தொடும் அந்தக் கம்பியை ஆங்கிலத்தில் பூனை மீசை என்பார்கள். நமக்குக் கடிகாரத்திலும் தராசிலும் முள் இருக்கிறது, ‘தொடுமுள்’ போதும்.

சனிக்கிழமை பிள்ளைகளுக்கு நடத்தும் பட்டறைக்கான தாள் வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன். இல்லையென்றால் படத்தில் டையோடுக்குப் பக்கத்தில் ‘ஒலியிறக்கி’ என்றே போடப் போகிறேன்.