லாரிக்கு லாரி லோடரை அணைப்பதா, ஓடவிடுவதா?

அண்ணன்மாரே, மியான்மரின் பகோவில் மணல் கிடங்கு வைத்திருக்கிறேன், மணலை அள்ளி லாரியில் கொட்டும் லோடரை லாரிக்கும் லாரிக்கும் நடுவில் அணைப்பதா ஓடவிடுவதா என்று தெரியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஜப்பானிலிருந்து பழையதாக வந்த வீல் லோடர், 2008 மாடல், 4 சிலிண்டர் டர்போ டீசல், மீட்டரில் 7,400 மணி. ஒரு லாரிக்கு 5 நிமிட வேலை. அடுத்தது வர 10 நிமிடம் ஆகும், சில நேரம் 25 ஆகும், இப்படி ஒரு நாளைக்கு இருபத்தைந்து தடவையாவது.

மழைக்காலம் முழுக்க அணைக்காமலே விட்டோம். மூன்று மாதத்தில் சைலன்சர் மூட்டில் கறுப்பாகப் பிசுபிசுவென்று எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது, காலையில் வெள்ளைப் புகை, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது, விரலில் தொட்டு மோந்தால் டீசல் வாசம். ஆயில், ஃபில்டர் மாற்றினேன். இன்ஜெக்டர் நான்கையும் கழற்றிச் சோதித்தாயிற்று, டீசலைச் சரியாகத்தான் தெளிக்கின்றன.

அப்புறம் பயந்துபோய் ஒவ்வொரு தடவையும் அணைக்கச் சொன்னேன். ஒழுகல் நின்றது, ஆனால் ஆறு வாரத்தில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து, பேட்டரியும் இறங்கிவிட்டது. சுமை தூக்கிய சூட்டோடு அணைத்தால் டர்போவில் ஆயில் கருகும் என்று 3 நிமிடம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்கிறோம். ஐடிலிங்கை, அதாவது சும்மா ஓடும் வேகத்தை, நிமிடத்துக்கு 750 சுற்றிலிருந்து 1,000க்கு ஏற்றியும் பார்த்தேன், புகை குறைந்தது, ஆனால் டீசல் குடிக்கிறது, இங்கே விற்கிற விலைக்குக் கட்டாது.

இப்படி விட்டுவிட்டு வேலை செய்யும் டர்போ டீசல் வண்டி வைத்திருப்பவர்கள், எத்தனை நிமிட இடைவெளிக்கு மேல் போனால் அணைக்கிறீர்கள்?